கிராதிக்கு அப்பாலிருந்து வந்த முதல் அடி

போர்ச்சுகலின் தெற்கே ஒரு சின்ன ஊரில், தெருவை ஒட்டி நீளவாக்கில் நிற்கும் ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்கு வாசல் எங்கே என்று தெரியாமல் மொட்டை வெயிலில் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். மேற்கு முகத்தில் பெரிய கதவு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சுவர். லிஸ்பனில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் பிழைப்பு. அளக்கப்போன இடத்தில் கதவைத் தேடி அலைந்ததை அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சாவி வைத்திருந்த மூதாட்டி கடைசியில் வந்து பக்கச் சுவரில் ஒரு கதவைத் திறந்தாள். "இது கன்னியர் கோயில், ஐயா. மேற்குப் பக்கம் அவர்களுடையது. நமக்கு எப்போதும் பக்கவாசல்தான்" என்று போர்ச்சுகீஸில் சொன்னாள். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், பீடத்துக்கு நேர் எதிரே, கோயிலின் வால்பகுதியை அடைத்து ஒரு சுவர். சுவர் நடுவே இரும்புக் கிராதி. அதற்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரிகள் பாடும் மண்டபம், மேலும் கீழுமாக இரண்டு தளம்.

ஒரு காலத்தில் கன்னியர் மடத்துக் கோயில் கட்டிய எல்லாருக்கும் இருந்த தலைவலி ஒன்றுதான். உள்ளே இருக்கும் பெண்கள் பூசை காணவேண்டும். வெளியாள் அவர்களைக் காணக்கூடாது. ஆனால் அவர்கள் பாடுவது எல்லாருக்கும் கேட்கவேண்டும். ஜெர்மன்காரர்கள் மேற்கே ஒரு மாடி எழுப்பி அவர்களை மேலே ஏற்றினார்கள். இத்தாலியில் பீடத்துக்குப் பின்னால் குறுக்குச் சுவர் வைத்து ஒரு கோயிலை இரண்டாக வெட்டினார்கள். முன்பாதி ஊருக்கு, பின்பாதி மடத்துக்கு. போர்ச்சுகல்காரர்கள் கன்னியருக்கு மேற்குப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு ஊர்க்காரர்களைப் பக்கவாசலுக்குத் தள்ளினார்கள். எனக்குப் பக்தி கொஞ்சம் கம்மி. இந்தச் சுவர்களின் மேல்தான் பித்து.

அந்த வேலை முடிந்து லிஸ்பன் திரும்பிய வாரம் சின்னம்மா தவறிப்போன செய்தி வந்தது. என் அம்மாவின் ஒரே தங்கை, பெயர் லூர்து. கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சிங்காநல்லூர் தாண்டி ஓர் அடைப்பு மடத்தில் கன்னியாக இருந்தாள். மடத்தின் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. அங்கே உள்ளவர்கள் பள்ளிக்கூடம் நடத்துவதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. செபம், பூசைக்கான அப்பம் சுடுவது, தையல், தோட்டம், அவ்வளவுதான். உள்ளே போனவர் வீட்டுக்கு வருவதில்லை. என் தாத்தா இறந்தபோதுகூடச் சின்னம்மா வரவில்லை.

அடக்கத்துக்கு அம்மாவும் போகமுடியவில்லை. அப்போது காலில் மாவுக்கட்டோடு தாராபுரத்தில் படுத்திருந்தாள். முப்பதாம் நாள் பூசைக்காவது அவளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றுதான் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தாராபுரம் வீட்டில் முதல் நாள். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம். லிஸ்பனில் இதைச் சமைக்கப் பார்த்துப் பலமுறை தோற்றவன் நான். மூன்றாம் தரம் போட்டுக்கொள்ளும்போது, நாளை மறுநாள் எந்த பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று கேட்டேன்.

"நான் வரல கண்ணு. நீ போயிட்டு வா" என்றாள் அம்மா.

"உன் தங்கச்சிக்கு முப்பதாம் நாள். நீ வராம நான் மட்டும் போய் என்ன பண்றது?"

"இங்கயும் பூசை வெச்சாச்சு. அவ பாட்டு இல்லாத அந்தக் கோயல்ல போயி எப்படிக் கண்ணு உக்காருவேன்? மொத அடிய வேற ஆரோ எடுப்பாங்க. அது காதுல உழுந்தா என்ற நெஞ்சு வெடிச்சுரும்."

அந்த முதல் அடியைப் பற்றிச் சொல்லவேண்டும். மடத்தில் எல்லாரும் ஒரே குரலாகத்தான் பாடுவார்கள். தன் குரல் தனியாகத் தெரியக்கூடாது என்பது அங்கே பழக்கம். ஆனால் ஒவ்வொரு திருப்பாடலிலும் முதல் அடியை ஒருவர் தனியாக எடுத்துக்கொடுக்க வேண்டும். இரண்டாம் அடியில் மற்றவர்கள் சேர்வார்கள். எடுத்துக்கொடுப்பது சின்னம்மாவின் பொறுப்பு. பண்ணையத்தில் அக்காளும் தங்கையும் களை எடுத்த நாளிலேயே சின்னம்மா குரலெடுத்தால் பக்கத்து வயல்காரர்கள் வேலையை நிறுத்துவார்களாம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா தாராபுரத்தில் பஸ் ஏறி, அந்த ஓர் அடியைக் கேட்டுவிட்டு, மறுபடி பஸ் ஏறி வருவாள். கிராதி வழியாகத் தங்கையைப் பார்த்துப் பேச வருஷத்தில் சில நாள்தான் அனுமதி. மற்ற மாதங்களில் அந்த ஓர் அடிதான் தங்கை.

நான் விடவில்லை. அடம்பிடித்து, கோபித்து, அப்பளத்தைக்கூடத் தொடாமல் எழுந்து பார்த்தேன். பொழுது சாயும்போது, "சரி, வாரேன்" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள், நாங்கள் வருவதைச் சொல்லவும் கோயிலை ஒருதரம் நிதானமாகப் பார்க்கவும் தனியாகப் போனேன். சிங்காநல்லூரில் இறங்கி ஒரு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். ஐரோப்பா முழுக்கக் காப்பிக்கடை இருக்கிறது, ஆனால் நின்றபடி குடித்துவிட்டு நாலு பேர் வம்பைக் கேட்டுக்கொண்டு நகர இப்படி ஓர் இடம் கிடையாது. ஆட்டோக்காரரிடம் மடத்தைச் சொன்னேன்.

"அந்த உள்ள போனா வராதவிய மடமுங்களா? ஏறுங்க. நம்ம ஊட்டுல தேங்கா நல்லா காச்சா மொதக் கொலைய அங்க குடுத்துருவமுங்க. நாங்க மாரியாத்தா கும்புடறவியதான். ஆனா அவிய நமக்கும் சேத்துத்தான வேண்டிக்கறாங்க."

கோயில் வெளியே பார்த்தால் ஓட்டுக் கட்டடம். எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போய்விடலாம். உள்ளேதான் விஷயம். இதைக் கட்டியவர் ஐரோப்பிய வழி எதையும் அப்படியே எடுக்கவில்லை. கோயிலை ட வடிவத்தில் மடக்கிவிட்டார். மூலையில் பீடம். ஊர்க்காரர்கள் உட்காரும் பகுதி ஒரு கை, கன்னியர் பகுதி இன்னொரு கை. இரண்டு கையிலிருந்தும் பீடம் தெரியும். ஒரு கையில் இருப்பவர்களுக்கு மறுகையில் இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். அந்தப் பக்கத் திறப்பில் தேக்குச் சட்டத்தில் இரும்புக் கிராதி, அதன் ஓரத்தில் நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்க ஒரு குட்டி ஜன்னல். தாங்கும் தூண்கள் கருங்கல். அடியில் தாமரை இதழ். நம் பக்கத்துக் கல்தச்சர்கள் மண்டபத்துக்கு எப்படிச் செதுக்குவார்களோ அப்படியே இங்கேயும் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பீடத்துக்குப் பின்னால் சுவர் உட்குழிந்த வளைவு, சுண்ணாம்பு பூசி வழவழவென்று தேய்த்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒருமுறை கை தட்டினேன். சத்தம் அந்த வளைவில் பட்டு பீடத்திலிருந்தே வருவதுபோலத் திரும்பியது. கன்னியர் பகுதியில் யார் பாடினாலும் அந்தக் குரல் இப்படித்தான் ஊர்க்காரர்களுக்கு வந்து சேரும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, குரலின் சொரசொரப்பும் போய்விடும். கட்டியவர் கெட்டிக்காரர் என்று மனசுக்குள் மெச்சினேன்.

மடத்துத் தலைவியை எல்லாரும் மதர் என்கிறார்கள். பேசும் அறையில் கிராதிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது. அம்மா வருகிறாள் என்றேன். வேறு யாராவது முதல் அடி எடுப்பதைக் கேட்கப் பயப்படுகிறாள் என்றும் சொன்னேன்.

மதர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"உங்க சின்னம்மா பாடி ஏழெட்டு வருசம் ஆச்சுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு பேச்சு வந்ததாம், குரல் மட்டும் மேலே ஏறவில்லையாம். அன்றிலிருந்து முதல் அடி எடுப்பது ரோசலியா என்கிற சிஸ்டர்.

"ஆனா அம்மா மாசாமாசம் வந்து சின்னம்மா குரலத்தான கேட்டாங்க" என்றேன்.

"அதுதானுங்க நடந்துபோச்சு. ஆபரேசனுக்குப் பொறவு அவிய வந்த மொதத் தடவ, பூசை முடிஞ்சு இங்க வந்து உக்காந்து, 'கத்தி வெச்சும் உன்ற குரல் அப்படியே இருக்குது, ஆண்டவர் காப்பாத்திப்போட்டார்'னு ஒரே அழுகைங்க. சந்தோசத்துல. உங்க சின்னம்மாவால வாயத் தொறக்க முடியல. அடுத்த தடவ சொல்லிர்றேன், அடுத்த தடவ சொல்லிர்றேன்னு சொல்லிட்டே இருந்தாங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சாமி பேரைச் சொல்லிக்கிட்டு உள்ள உக்காந்து இத்தனை வருஷம் பொய்யா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "பொய் சொல்லலீங்க. மெய்யையும் சொல்லல. அது தப்புத்தானுங்க. நானும் தெரிஞ்சுதான் உட்டுட்டேன்."

நாளைக்கு ரோசலியா பாடவேண்டாம், வேறு யாராவது எடுக்கட்டும் என்றேன்.

"வேற ஆள் எடுத்தா உங்கம்மா எதுக்குப் பயந்தாங்களோ அது நடக்கும். ரோசலியா எடுத்தா, இத்தன நாள் கேட்டது தங்கச்சி இல்லைன்னு தெரிஞ்சுபோகும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. அப்படியே செஞ்சர்றமுங்க."

முதலில் அம்மாவிடம் சொல்கிறேன், பிறகு பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். சற்றுமுன் மெச்சிய அந்த வளைந்த சுவரை இப்போது இடித்துத் தள்ளலாம்போல இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா சேலையை இஸ்திரி போட்டு மடித்துவைத்திருந்தாள். மடத்துக்குக் கொண்டுபோக ஒரு சீப்புப் பூவன்பழம், ஒரு டப்பா எள்ளுருண்டை. வரமாட்டேன் என்றவள் இப்போது என்னைவிட அவசரமாக இருந்தாள். "உன்ற பேச்சக் கேட்டதும் நல்லதுக்குத்தான். அவ உக்காந்த எடத்தையாச்சும் பாத்துட்டு வருவோம்" என்றாள். சொல்ல வந்ததை மென்று விழுங்கினேன். காலையில் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பக்கத்தில்தானே உட்காரப்போகிறோம், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் பஸ் பல்லடத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. பின்டயர் வெடித்து, ஸ்டெப்னியிலும் காற்றில்லை. சுற்றிலும் காற்றாலைகள் மட்டும் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கண்டக்டர் இறங்கி நின்று, "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, பின்னாலயே வண்டி வருதுங்க" என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். போர்ச்சுகலில் ரயில் நின்றால் காரணம் சொல்லக்கூட ஆள் வராது. இங்கே காரணமும் வரும், இருக்கையும் போகும். பின்னால் வந்த வண்டியில் அம்மாவுக்கு மட்டும் ஒரு கொப்பரை வியாபாரி எழுந்து இடம் கொடுத்தார். நான் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நசுங்கிக்கொண்டு வந்தேன். அவள் தலை தெரிந்தது, பேச வழியில்லை.

மடத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது. மதரிடம் ஒன்றும் சொல்லி அனுப்பமுடியவில்லை. அம்மா கால் வலியோடு விறுவிறுவென்று போய் வழக்கமான மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உள்ளே காலடிச் சத்தம், துணிகள் உரசும் சத்தம். பிறகு அமைதி. பிறகு அந்த முதல் அடி எழுந்தது.

நானே ஒரு கணம் நம்பிவிட்டேன். சின்ன வயசில் கேட்ட சின்னம்மாவின் குரல்தான். அதே இழுப்பு, தாராபுரத்துக்காரர்கள் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நீட்டும் அதே நெடில். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் முழுக்கச் சந்தோஷம். "லூர்து" என்றாள். எழுந்தே நின்றுவிட்டாள். கிராதிப் பக்கம் போகப்போகிறாள் என்று நான் பயந்தேன்.

இரண்டாம் அடியில் மற்றவர்கள் சேர்ந்தார்கள். லூர்து இப்போது இல்லை என்பது உறைத்து, நின்ற இடத்திலேயே அம்மாவின் முகம் மாறியது. மெதுவாக உட்கார்ந்தாள். பூசை முடியும்வரை பீடத்தைப் பார்க்கவில்லை, நன்மை வாங்கவும் போகவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் வெளியே போனபின், தூணோரம் வைத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன், போன குரல், அடுத்த தடவை அடுத்த தடவை என்று தள்ளிப்போனது, நான் நேற்றே தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தது வரைக்கும்.

"அப்ப கூடப் பொறந்தவளே என்னய ஏமாத்திப்போட்டா" என்றாள்.

"நீ வருத்தப்படுவேன்னுதாம்மா."

"வருத்தப்பட்டா என்னடா? அவளுக்குக் குரல் போயிருக்குது. குரல்தானடா அவகிட்ட இருந்துச்சு, வேற என்ன இருந்துச்சு? அதுக்கு அவளோட உக்காந்து ஒருநாளு அழுதிருக்க மாட்டனா? தொண்ட போயி உக்காந்திருந்தவகிட்ட, இன்னிக்கு நீ நல்லாப் பாடுனேன்னு பாக்கறப்பெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கறனே. அவ மனசு என்ன பாடு பட்டிருக்கும்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டேன்.

"இரு. அந்தப் புள்ளயக் கூப்புடச் சொல்லு."

வரவேற்பில் இருந்த சிஸ்டர் உள்ளே போய்க் கேட்டுவந்தார். மதர் சம்மதித்துவிட்டார். பேசும் அறையில் காத்திருந்தோம். கிராதிக்கு அந்தப் பக்கம் கதவு திறந்து ஒல்லியான ஒரு சிஸ்டர் வந்தார். முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. முகத்தைப் பார்த்தால் தமிழ்நாட்டுக்காரர் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கும்புடறனுங்கம்மா. என்ன மன்னிச்சுருங்க" என்றார்.

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "நீ எந்த ஊரு?"

"ஜார்க்கண்ட் பக்கமுங்க. மலங்காட்டு ஊருங்க."

"இந்தப் பேச்சு உனக்கு ஆரு சொல்லிக்குடுத்தது?"

"உங்க தங்கச்சிதானுங்க. வந்தப்ப எனக்கு ஒரு வார்த்த தெரியாதுங்க. பேச்சும் அவிய குடுத்ததுதான், பாட்டும் அவிய குடுத்ததுதான். குரல் போன பொறவும் பக்கத்துலயே உக்காந்து சொல்லிக்குடுத்தாங்க. எங்க மூச்சு உடோணுமோ அங்க என்ற கையப் புடிச்சு அமுத்துவாங்க. நான் பாடப்பாட அவிய வாயும் அசையும், சத்தம் வராதுங்க. நீங்க வார ஞாயித்துக்கெழமை மட்டும், 'அக்கா வந்திருக்கறா, அவசரப்படாம எடு'ன்னு சொல்லுவாங்க."

அம்மா அழுதாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. ரோசலியாவும் அழுதார். நான் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். லூர்து தன்னிடம் இதைச் சொல்லியிருக்கலாம் என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லியிருக்கோணுமுங்க என்று அவரும் ஒவ்வொரு தரமும் பதில் சொன்னார்.

அழுது ஓய்ந்தபின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கிராதிக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"உங்கம்மா இருக்கறாங்களா அம்மணி?"

"இருக்கறாங்க."

"நீ இங்க பாடறத வந்து கேட்டிருக்கறாங்களா?"

ரோசலியா தலையைக் குனிந்துகொண்டார். "இல்லீங்க. ரொம்ப தூரமுங்க. ரெண்டு நாளு ரயில்ல வரோணும். அவிய எங்கூரத் தாண்டினதே இல்லீங்க."



"அப்ப இத்தன வருசமும் அவிய கேக்கவேண்டியதத்தான் நான் வந்து கேட்டுட்டுப் போயிருக்கறேன்" என்றாள் அம்மா. பிறகு விரல்களைக் கிராதிக்குள் நுழைத்தாள். "உங்கம்மா பேரச் சொல்லு. வார மாசத்துல இருந்து அவியளுக்கோசரம் வந்து உக்காந்துக்கறேன்."

ரோசலியா தன் பக்கம் வந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, "எத்வாரி" என்றார்.

அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. இரண்டு தரம் தப்பாகச் சொன்னாள். மூன்றாம் தரம் சரியாக வந்தது.